'ஐ அக்ரீ'க்குப் பின்னால ஒரு பெரிய கதை!

புது சாஃப்ட்வேர் ஒண்ணு டவுன்லோடு பண்றீங்க. டபுள் கிளிக். 'நெக்ஸ்ட்'... 'நெக்ஸ்ட்'... நடுவுல ஒரு கட்டத்துக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்துல என்னமோ ஓடுது. படிச்சீங்களா? சத்தியமா இல்லை! 'ஐ அக்ரீ' மேல ஒரு அமுக்கு, 'ஃபினிஷ்'. முடிஞ்சது ஜோலி. கல்யாணப் பத்திரிகையைக்கூட, 'சாப்பாடு எத்தனை மணிக்கு'ன்னு ஒரு தடவை புரட்டிப் பார்ப்போம். இந்தப் பொடி எழுத்தை ஒரு ஜீவனும் சீண்டாது.

வெட்கப்படாதீங்க, நானும் அந்தக் கட்சிதான். ஆனால், அந்தப் பொடி எழுத்துக்குப் பெயர்தான் லைசென்ஸ். 'நான் எழுதின இந்த சாஃப்ட்வேரை வெச்சுக்கிட்டு நீ என்னவெல்லாம் செய்யலாம், எதையெல்லாம் செய்யக் கூடாது' என்று எழுதியவர் உங்களோடு போடுகிற ஒப்பந்தம். அந்த நாலு பத்தி சரியில்லாததால், உலகத்தையே வளைத்துப் போட்டிருக்க வேண்டிய ஒரு சாஃப்ட்வேர் மண்ணைக் கவ்வியிருக்கிறது. அதே நாலு பத்தியை மாற்றி எழுதியதால், ஒரு காலேஜ் பையன் பொழுதுபோக்காக ஆரம்பித்தது இன்றைக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று, எழுதிய புரொஃபசருக்கே தெரியாமல் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குள் குடியேறியிருக்கிறது!

'இதுல என்ன பாஸ் பெரிய ரகசியம்? ஓசின்னா ஊரே ஓடி வரும், காசு கேட்டா ஓடிப் போயிடும்... அவ்ளோதானே?' என்கிறீர்களா? அங்கேதான் ட்விஸ்ட். இன்றைக்கு ஓசியா, இல்லையா என்பது பாதிதான். 'நாளைக்கு இவன் மனசு மாறினா நம்ம கதி என்ன?' என்கிற பயம்தான் மீதிப் பாதி. பல நேரத்தில் அந்த மீதிப் பாதிதான் ஆட்டத்தையே முடிக்கிறது.

எலி வளைக்குள் புகுந்த லைசென்ஸ்

1991. இன்டர்நெட் இருக்கிறது, ஆனால் அதில் எதையாவது தேடி எடுப்பது வைக்கோல்போரில் ஊசி தேடுகிற வேலை. எந்தக் கம்ப்யூட்டரில் எந்த ஃபைல் இருக்கிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்கஹில் தலைமையில் ஒரு சின்ன டீம் 'கோஃபர்' என்று ஒன்றைச் செய்தது. கோஃபர் என்பது மண்ணில் வளை தோண்டிக்கொண்டு திரியும் எலி மாதிரியான ஒரு பிராணி. அந்தப் பல்கலைக்கழகத்தின் சின்னமும் அதுதான். மினசோட்டா மாநிலத்துக்கே 'கோஃபர் ஸ்டேட்' என்று செல்லப் பெயர் உண்டு.

ஓட்டல் மெனு கார்டு மாதிரி திரையில் வரிசையாகத் தலைப்புகள் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள் இன்னொரு மெனு. அதற்குள் போனால், எங்கோ இன்னொரு ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும் கட்டுரை கண் முன்னால் வந்து நிற்கும். அந்தக் காலத்துக்கு அது மாயாஜாலம்! காலேஜ்கள், நூலகங்கள், அரசு அலுவலகங்கள் என்று கோஃபர் சர்வர்கள் முளைத்துக்கொண்டே போயின.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஜெனீவா பக்கத்தில், செர்ன் என்கிற அணு இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்கிறவர் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார். 'வேர்ல்டு வைட் வெப்.' ஆமாம், இன்றைக்கு நாம் இன்டர்நெட் என்று சொல்லும்போதே மனதில் வருகிற அதே வெப்தான். ஆனால் 1992-ல் அதைச் சீண்டுவார் அதிகமில்லை. ஓட்டப் பந்தயத்தில் கோஃபர் பல அடி முன்னால்.

1993 பிப்ரவரியில் மினசோட்டா பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு விட்டது. எங்கள் கோஃபர் சர்வர் சாஃப்ட்வேரைக் கல்விக்கூடங்களும் லாப நோக்கம் இல்லாதவர்களும் வழக்கம்போல் பயன்படுத்தலாம். வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். யோசித்துப் பார்த்தால் நியாயமான கோரிக்கைதான். ஊர் உலகமே பயன்படுத்துகிற ஒன்றை ஒரு யுனிவர்சிட்டி டீம் எத்தனை நாளைக்குக் கைக்காசு போட்டு வளர்க்கும்? மாணவர்களிடம் கேட்கவில்லை, சம்பாதிக்கிற கம்பெனிகளிடம்தான் கேட்டார்கள்.

ஆனால் ஜனங்கள் காதில் அது அப்படி விழவில்லை. 'இன்னைக்கு கம்பெனிகிட்ட கேக்கறாங்க, நாளைக்கு நம்மகிட்ட கேக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?' 'அவங்க சாஃப்ட்வேரை விட்டுட்டு நாமே சொந்தமா ஒரு கோஃபர் சர்வர் எழுதினா, அதுக்கும் நோட்டீஸ் வருமா?' இந்த மாதிரிக் கேள்விகளுக்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் ஒரு கம்பெனி லட்சக்கணக்கில் பணத்தைக் கொட்டுமா? வீட்டுக்காரர் இன்னும் வாடகையை ஏற்றவில்லை. ஏற்றலாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். குடியிருப்பவர்கள் வேறு வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

செர்ன்ல இருந்த பெர்னர்ஸ்-லீ இதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். வெப்புக்கும் இதே கேள்வி வர ஆரம்பித்தது: 'இதுக்கும் ஒருநாள் காசு கேப்பீங்களா?' முதலில் அவர் ஜி.பி.எல். என்ற லைசென்ஸைப் போடலாமா என்றுதான் யோசித்தார். (அது என்ன என்பது கொஞ்சம் கழித்து.) ஆனால் ஐ.பி.எம். மாதிரி பெரிய கம்பெனிகள், லைசென்ஸில் எந்தச் சிக்கல் இருந்தாலும் வெப்பைத் தங்கள் வாசப்படிக்குள்ளேயே விடாது என்று ஒரு பேச்சு அவர் காதுக்கு வந்தது. ரூட்டை மாற்றினார். நிர்வாகத்திடம் பேசிப் பேசி, 1993 ஏப்ரல் 30 அன்று ஓர் அறிக்கையில் செர்னின் இரண்டு இயக்குநர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். வெப்பின் பிரவுசர், சர்வர், அவற்றுக்கான அடிப்படை நிரல் தொகுப்பு மூன்றையும் பொதுச்சொத்தாக விடுகிறோம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விநியோகிக்கலாம் என்று அதில் இருந்தது. இரண்டு அறிவிப்புக்கும் நடுவில் வெறும் இரண்டு மாதம்!

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 1993-ம் வருடத்தில் கோஃபர் டிராஃபிக் 997 சதவிகிதம் வளர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வளர்ச்சிதான். அதே வருடம் வெப் வளர்ந்தது 3,41,634 சதவிகிதம்! (மூணரை லட்சம் சதவிகிதமா என்று கண்ணைத் தேய்க்காதீர்கள். ஆரம்பத்தில் வெப் ஒன்றுமில்லாமல் இருந்ததால் வந்த கணக்கு.) 1994-ல் வெப் கோஃபரைத் தாண்டிப் போய்விட்டது. 2000-ல் மினசோட்டா பல்கலைக்கழகம் கோஃபரை ஜி.பி.எல். லைசென்ஸில் திறந்து விட்டபோது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கோஃபரை லைசென்ஸ் மட்டுமே கொல்லவில்லை. வெப்பில் வாக்கியத்துக்கு நடுவிலேயே லிங்க் கொடுக்கலாம். 1993-ல் வந்த மொசைக் பிரவுசரில் படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் தெரிந்தன. பளபளவென்று படம் காட்டுகிற பக்கம் ஒன்று, வறட்டு மெனு கார்டு ஒன்று. நீங்கள் எதற்குப் போவீர்கள்? ஆனாலும் பந்தயத்தில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் நடுவழியில் நின்று 'டிக்கெட்' என்று கை நீட்டிய அந்த இரண்டு மாதம்தான் பின்னால் வந்தவருக்கு வழி விட்டது என்பது என் கட்சி.

ஃப்ளாப்பிக்குக் காசு வாங்கலாமா, கூடாதா?

அடுத்த கதை உங்களை மாதிரி ஒரு ஸ்டூடன்ட் கதை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானென்பாம் என்று ஒரு புரொஃபசர். நீங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் அவருடைய தலையணை சைஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், நெட்வொர்க்ஸ் புத்தகங்களைச் செமஸ்டருக்கு முந்தின ராத்திரி புரட்டியிருப்பீர்கள். அவர் 1987-ல் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக 'மினிக்ஸ்' என்று ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினார். சோர்ஸ் கோட் பாடப் புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. ஆனால் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். உரிமை பதிப்பகத்தின் கையில். நீங்கள் அதை மேம்படுத்தினால், மேம்படுத்திய முழு சிஸ்டத்தையும் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. எதை எதை மாற்றினேன் என்கிற துண்டுச் சீட்டை மட்டும் கொடுக்கலாம். வாங்குபவர் தன்னிடம் இருக்கிற ஒரிஜினலில் அதை ஒட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். நூறு ஒட்டு போட்ட சட்டை எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அந்த மினிக்ஸை வாங்கி நோண்டிக்கொண்டிருந்த ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், வயசு 21, 'நானே ஒண்ணு எழுதறேன், சும்மா ஹாபிக்குத்தான்' என்று 1991 ஆகஸ்டில் அறிவித்தார். லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் எழுதியது லினக்ஸ்.

ஆனால் லினக்ஸின் முதல் லைசென்ஸ் பற்றிப் பலருக்குத் தெரியாது. சோர்ஸ் கோட் முழுவதையும் கூடவே தர வேண்டும் என்றது. சரி. யாரும் இதை வைத்துக் காசு வாங்கக் கூடாது, கைச்செலவுக்குக்கூட வாங்கக் கூடாது என்றும் சொன்னது. கேட்க எவ்வளவு உத்தமமாக இருக்கிறது! ஆனால் அன்றைக்கு இன்டர்நெட் இருந்தவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு அது போய்ச் சேர வேண்டுமென்றால் யாராவது ஃப்ளாப்பியில் காப்பி போட்டுத் தர வேண்டும். ஃப்ளாப்பி வாங்கக் காசு, உட்கார்ந்து காப்பி பண்ண நேரம். 'ஃப்ளாப்பிக்கு ஆன செலவையாவது வாங்கிக்கலாமா?' என்று ஆர்வலர்கள் லினஸிடம் கேட்டார்கள். அவருடைய லைசென்ஸ்படி, கூடாது!

காசே வாங்கக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான் பரவலுக்கு முட்டுக்கட்டை! லினஸுக்கு இது சட்டென்று புரிந்தது. 1992 பிப்ரவரி முதல் லினக்ஸை ஜி.பி.எல். லைசென்ஸுக்கு மாற்றுவதாக அறிவித்தார்.

சரி, இப்போது ஜி.பி.எல். ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய லைசென்ஸ். பக்கத்து வீட்டில் ஒரு ஸ்பூன் உறைமோர் வாங்கி வந்து தயிர் தோய்க்கிறீர்கள். வீட்டில் நீங்களே சாப்பிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கடை போட்டு விற்கலாம், கோடீஸ்வரரும் ஆகலாம். ஒரே ஒரு கண்டிஷன்: தயிர் வாங்குகிறவர் கேட்டால், உறைமோரையும் நீங்கள் தோய்த்த விதத்தையும் ஒளிக்காமல் கொடுத்துவிட வேண்டும். அவரும் அதே கண்டிஷனில்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அதாவது, காசுக்குத் தடை இல்லை, பூட்டுக்குத்தான் தடை.

காசு வாங்கலாம் என்றதும் ஃப்ளாப்பி போட்டு விற்கிறவர்கள் வந்தார்கள், பின்னாடியே சிடி விற்கிறவர்கள் வந்தார்கள், கம்பெனிகள் வந்தன. எந்த ஐ.பி.எம். ஜி.பி.எல்.லைக் கண்டால் ஒதுங்கும் என்று 1993-ல் பேசிக்கொண்டார்களோ, அதே ஐ.பி.எம். 2001-ம் ஆண்டில் லினக்ஸுக்காக நூறு கோடி டாலர் போடப்போவதாக அறிவித்தது. 'நான் போடுகிற உழைப்பை என் போட்டியாளன் எடுத்துப் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. அவன் போடுவதும் எனக்குக் கிடைக்கும்' என்ற நிம்மதி இருந்தால் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொள்கிற கம்பெனிகள்கூட ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடும்.

லினக்ஸுக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பி.எஸ்.டி. யூனிக்ஸ் அப்போது லினக்ஸைவிட முதிர்ந்த சரக்கு. ஆனால், 'இதில் எங்கள் யூனிக்ஸ் கோட் இருக்கிறது' என்று ஏ.டி. அண்ட் டி.யின் கிளை நிறுவனம் 1992-ல் வழக்குப் போட்டது. 1994-ல் சமரசம் ஆனபோது, 18,000 ஃபைல்களில் நீக்க வேண்டியிருந்தவை எத்தனை தெரியுமா? மூன்று! அந்த மூன்று ஃபைல் பிரச்னையில் இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடமும் 'நாளைக்கு கோர்ட் என்ன சொல்லுமோ' என்று பயந்தவர்கள் லினக்ஸ் பக்கம் சாய்ந்தார்கள். 2017 நவம்பர் முதல் உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 500-ம் லினக்ஸ்தான்.

புரொஃபசர் மினிக்ஸ் என்ன ஆச்சு என்று கேட்கவே இல்லையே? அதுதான் செம காமெடி. 2000-ல் மினிக்ஸை பி.எஸ்.டி. லைசென்ஸில் திறந்துவிட்டார்கள். அந்த லைசென்ஸ், 'எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ, பூட்டியும் வெச்சுக்கோ. என் பேர் இருக்கிற காப்பிரைட் வரியை மட்டும் எடுத்துடாதே' என்கிற ரகம். 2017-ல் ஒரு விஷயம் வெளியே வந்தது. இன்டெல் தன் பிராசஸர்களோடு வைத்து அனுப்புகிற 'மேனேஜ்மென்ட் இன்ஜின்' என்ற ரகசியக் குட்டிக் கம்ப்யூட்டருக்குள் ஓடிக்கொண்டிருந்தது மினிக்ஸ்! நீங்கள் விண்டோஸ் போட்டாலும் லினக்ஸ் போட்டாலும் அடியில் அது பாட்டுக்கு ஓடும். இன்டெல் ஆட்கள் சில வருடங்களுக்கு முன்னால் தன்னிடம் டெக்னிக்கல் சந்தேகங்கள் கேட்டது டானென்பாமுக்குத் தெரியும். ஆனால், இப்படி உலகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள் என்பது தெரியாது. 'சட்டப்படி சொல்ல வேண்டியதில்லைதான், ஆனா ஒரு மரியாதைக்காவது சொல்லியிருக்கலாமே' என்கிற தொனியில் இன்டெலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார் மனிதர்.

அடைத்து வைத்திருந்தபோது வகுப்பறையைத் தாண்டாத மினிக்ஸ், திறந்துவிட்டதும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது. ஆனால் பெயர் தெரியாமல். அதில் செய்த மேம்பாடுகளை இன்டெல் திருப்பித் தர வேண்டிய அவசியமும் இல்லை. லினக்ஸ் பெயரோடு பரவியது, மினிக்ஸ் பெயர் இல்லாமல் பரவியது. உங்களுக்கு எது வேண்டும்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. அது உங்கள் ஆசையைப் பொறுத்தது.

சொந்த செலவில் சூனியம்

மனசு மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. லேபில் சர்வருக்குள் நுழைய எஸ்.எஸ்.எச். அடிப்பீர்களே, அதை 1995-ல் எழுதியவர் ஃபின்லாந்தின் டாட்டூ இலோனன். முதலில் தாராளமான லைசென்ஸ். ஒரே வருடத்தில் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் பயன்படுத்தினார்கள். பிறகு கம்பெனி ஆரம்பித்தார், ஒவ்வொரு வெர்ஷனிலும் லைசென்ஸ் ஒரு சுற்று இறுகியது. 1999-ல் ஓபன் பி.எஸ்.டி. டீம், பழைய தாராளமான வெர்ஷனைத் தோண்டி எடுத்து அதிலிருந்து 'ஓபன் எஸ்.எஸ்.எச்.' என்று வளர்த்துவிட்டார்கள். இன்றைக்கு நீங்கள் அடிப்பது பெரும்பாலும் அதுதான். 2018 முதல் விண்டோஸ் 10-க்குள்ளேயே அது வருகிறது. ஒருமுறை திறந்துவிட்ட வெர்ஷனைத் திரும்பப் பூட்ட முடியாது என்பதை நிறைய பேர் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்ம் தன் லைசென்ஸை இறுக்கியது, அடுத்த மாதமே ஓபன் டோஃபு என்ற பங்காளி வந்து நின்றது. 2024 மார்ச்சில் ரெடிஸ் இறுக்கியது, ஒரே வாரத்தில் வால்கி வந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் மறுபடி ஓப்பன் சோர்ஸ் பக்கம் திரும்பி வந்தது. இந்தக் கம்பெனிகளை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை. மாடாய் உழைத்து எழுதியதை பெரிய கிளவுட் கம்பெனிகள் எடுத்துச் சேவையாக விற்றுச் சம்பாதித்தால் வயிறு எரியத்தானே செய்யும்? மினசோட்டா டீமுக்கு இருந்த அதே வயிற்றெரிச்சல்தான். ஆனால் ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றினால், ஆடுகிறவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு வேறு கிரவுண்டுக்குப் போய்விடுகிறார்கள்.

தமிழிலும் ஒரு சின்ன உதாரணம் சொல்லி விடுகிறேன், இது சாஃப்ட்வேர் அல்ல, ஃபான்ட். ப்ரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கட்டமரான்' எழுத்துருவைப் பார்த்திருப்பீர்கள், அல்லது பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்திருப்பீர்கள். நம்ம கட்டுமரம்தான் பெயர்! ஒல்லி முதல் குண்டு வரை ஒன்பது தடிமன்களில் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கிறது. அதன் லைசென்ஸ், எழுத்துருக்களுக்கென்றே எழுதப்பட்ட ஓ.எஃப்.எல். வெப்சைட்டில் போடலாம், சாஃப்ட்வேரோடு சேர்த்து விற்கலாம், மாற்றி வடிவமைக்கலாம். ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது, மாற்றியதையும் அதே லைசென்ஸில்தான் தர வேண்டும். சிம்போசியம் போஸ்டருக்கு ஒரு தமிழ் எழுத்துரு தேடும்போது, 'இதைப் போட்டா யாராவது கேஸ் போடுவாங்களா' என்று யோசிக்காமல் கை தானாக அங்கே போகிறதல்லவா? அந்த யோசிக்காமல்தான் விஷயமே.

உங்க ப்ராஜெக்ட்டுக்கு வருவோம்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை கிட்ஹப்பில் போட்டிருக்கிறீர்களா? லைசென்ஸ் என்ன? 'ஒண்ணும் போடலை பாஸ், யார் வேணா எடுத்துக்கட்டும்னு விட்டுட்டேன்' என்று சொல்வீர்கள். அப்படிச் சொன்னால், யாருமே எடுக்க முடியாது என்று அர்த்தம்! நம் நாட்டின் 1957 காப்பிரைட் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எதற்குள் வருகிறது தெரியுமா? இலக்கியப் படைப்புக்குள். நாவலும் சிறுகதையும் இருக்கிற அதே அலமாரியில்தான் உங்கள் 'ஹலோ வேர்ல்டு'ம் இருக்கிறது. எழுதிய நொடியே உரிமை உங்களுக்கு, எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. நீங்கள் வாய் திறந்து அனுமதி கொடுக்காதவரை மற்றவர்கள் அதைப் பார்க்கலாம். தங்கள் வேலைக்கு எடுத்து மாற்றிப் பயன்படுத்த சட்டப்படி வழியில்லை. கம்பெனிக்காரர்கள் லைசென்ஸ் ஃபைல் இல்லாத கோடைப் பார்த்தால் அப்படியே டேபை மூடிவிடுவார்கள்.

நாலு பேரும் புழங்க வேண்டும், கம்பெனிகளும் எடுக்க வேண்டும் என்றால் எம்.ஐ.டி., அப்பாச்சி மாதிரி தாராளமான லைசென்ஸ். எடுப்பவர் திருப்பித் தரவும் வேண்டும் என்றால் ஜி.பி.எல். வெப் சர்வீஸாக ஓட்டிவிட்டுக் கொடுக்காமல் நழுவுகிறவரையும் பிடிக்க வேண்டும் என்றால் ஏ.ஜி.பி.எல். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். ஜி.பி.எல். கோடை எங்கிருந்தாவது காப்பி அடித்து உள்ளே ஒட்டியிருந்தால், அதை வெளியே கொடுக்கும்போது எம்.ஐ.டி. என்று போர்டு மாட்ட முடியாது. அப்புறம், பேட்ச்மேட்ஸ் நாலு பேர் சேர்ந்து எழுதியது என்றால் நாலு பேரும் சம்மதிக்க வேண்டும். சில காலேஜ்களில் ப்ராஜெக்ட்டின் உரிமை காலேஜுக்கு என்று விதி இருக்கும், அதையும் ஹெச்.ஓ.டி.யிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதை இவ்வளவு வக்கணையாகச் சொல்கிறேனே, எங்கள் கதையைக் கேளுங்கள். 2004-ல் நாங்கள் நாலு பேர், விஷுவல் பேசிக்கில் தமிழ் டைப்பிங் சொல்லிக் கொடுக்கிற ஒரு சாஃப்ட்வேரை ப்ராஜெக்டாகச் செய்தோம். தமிழ்99 கீபோர்டு, விரலுக்கு விரல் பாடம், தப்பு அடித்தால் ஒரு தவளை கத்தும். (தவளை என் ஐடியா.) வைவாவில் எக்ஸ்டெர்னல் சிரித்துவிட்டார், நல்ல மார்க் வந்தது. கறுப்பு பைண்டிங் ரிப்போர்ட், பின் அட்டையில் ஒரு சிடி, டிபார்ட்மென்ட் அலமாரி. அத்தோடு எங்கள் பாதை தனித்தனி.

2009-ல் ஒரு அரசுப் பள்ளி கம்ப்யூட்டர் டீச்சர் யார் மூலமோ என்னைப் பிடித்தார். 'தம்பி, அந்தத் தவளை சாஃப்ட்வேர் எங்க பசங்களுக்குக் கிடைக்குமா? பாடத்தை மட்டும் எங்க ஸ்கூலுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் மாத்திக்கணும். எழுத்துல ஒரு அனுமதி கொடுத்தா ஹெச்.எம். ஒத்துக்குவாரு' என்றார். மூன்று பேர் உடனே ஓகே. நாலாவது ஆள் வெளிநாட்டில். மெயில் போட்டால் பவுன்ஸ், பழைய நம்பர் வேறு யாரிடமோ இருந்தது. 2004-லேயே பத்து வரி லைசென்ஸ் ஃபைல் ஒன்றை சிடியில் போட்டிருந்தால் டீச்சர் என்னைக் கேட்கவே வேண்டியிருந்திருக்காது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார், அப்புறம் போன் வரவில்லை.

போன வருடம் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த நாலாவது ஆள் திடீரென்று வந்து சேர்ந்தான். விஷயத்தைச் சொன்னேன். பத்தே நிமிஷத்தில் பதில்: 'மச்சி, தாராளமா எம்.ஐ.டி. லைசென்ஸ் போட்டு விட்டுடு, எனக்கு ஓகே. ஆமா... அந்த சிடி யார்கிட்ட இருக்கு?'

குரூப்பில் இன்னும் யாரும் பதில் போடவில்லை.